நாயோடு வந்தவர்க்கு இடமில்லையோ?

பாரதக் கதையை வகுப்பில் சொல்லாத தமிழாசிரியர் இந்நாட்டில் இருக்க மாட்டார். பாண்டவர் ஐவரும் பாஞ்சாலியும் வடதிசை நோக்கி நடந்ததையும், வழியில் ஒருவர்பின் ஒருவராக வீழ்ந்ததையும், இறுதியில் தருமன் ஒருவனே எஞ்சியதையும், அவன்பின் ஒரு நாய் மட்டும் தொடர்ந்து வந்ததையும் நாம் உருக்கத்தோடு சொல்கிறோம். தேரோடு வந்த இந்திரன் தருமனை ஏறச் சொல்கிறான். நாயை மட்டும் விட்டுவிடச் சொல்கிறான். நாயோடு வருவோர்க்கு விண்ணுலகில் இடமில்லை என்கிறான். தருமன் மறுக்கிறான். தன்னை நம்பி வந்த உயிரைக் கைவிட்டுப் பெறும் விண்ணுலகம் தனக்கு வேண்டா என்கிறான். நாயாக வந்தது அறக்கடவுளே என்பது பிறகு தெரிகிறது. மாணவர் கண்களை அகல விரித்துக் கேட்கின்றனர். மணி அடிக்கிறது. பாடம் முடிகிறது.

பாடம் உண்மையிலேயே அத்துடன் முடிந்துவிடுகிறது என்பதுதான் என் குறை. பள்ளியைவிட்டு வெளியே வந்து பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவிலோ கிள்ளான் நகரிலோ நடந்து பாருங்கள். நம்மவர் நடத்தும் தங்கும் விடுதிகளின் வாயிலில், இந்திரன் சொன்ன அதே சொல் பலகையாகத் தொங்கக் காண்பீர்கள். பலகை இல்லாத இடத்தில் அது பணியாளரின் நாவில் இருக்கும். நாயோடு வந்தால் இடமில்லை! அந்தப் பலகையின்கீழ் நாம் நாள்தோறும் போய் வருகிறோம். நமக்கு ஒன்றும் உறைப்பதில்லை. வகுப்பில் தருமன் பக்கம் நிற்கும் நாம், தெருவில் இந்திரன் பக்கம் நிற்கிறோம்.

இதை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். என் தங்கையின் கணவர் கெடா மாநிலத்தில் ஒரு தோட்டத்தில் நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். தங்கையைச் சிகிச்சைக்காகக் கோலாலம்பூர் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. மாப்பிள்ளை தம் பழைய காரில் அவளை அழைத்து வந்தார். உடன் அவர்களுடைய கறுப்பனும் வந்தது. கறுப்பனுக்கு வயது பன்னிரண்டு. ஒரு கண் மங்கிவிட்டது. லயத்து வீடுகள் பெரும்பாலும் காலியாகி, அக்கம்பக்கத்தார் பட்டணம் போய்விட்டபடியால், அதற்கு ஒரு பிடி சோறு வைக்கவும் அங்கே ஆள் இல்லை. தங்கையை மருத்துவமனையில் விட்டபின், இரவு தங்குவதற்காக மாப்பிள்ளை பிரிக்பீல்ட்ஸில் விடுதி விடுதியாக ஏறி இறங்கினார்.

ஒரு விடுதியின் பணப்பெட்டிக்கு மேலே காலபைரவர் படம் மாட்டி, பூச்சரம் சூட்டி, விளக்கேற்றி வைத்திருந்தார்களாம். பைரவரின் காலடியில் அவருடைய வாகனமாகிய நாய் நின்றுகொண்டிருந்தது. அந்தப் படத்தின்கீழ் இருந்த இளைஞர், "அண்ணே, மனுசனுக்கு ரூம் இருக்கு. நாய்க்கெல்லாம் இங்க ஆகாது. வேற எடம் பாருங்க" என்றார்.

"பின்னால ஒரு ஓரத்துல கட்டிப் போட்டுக்கிறேன் தம்பி. வயசான நாய், கொலைக்காது."

"அதுவும் ஆகாதுண்ணே."

ஏழாவது விடுதியிலும் அதே விடை கிடைத்தபின் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். கிள்ளானில் நான் குடியிருப்பது அடுக்குமாடி வீடு. நாய் வளர்க்கக் கூடாது என்பது அங்கே விதி. "அழைத்துக்கொண்டு வாருங்கள், மாப்பிள்ளை" என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. மாப்பிள்ளை அன்றிரவு ஆற்றோரமாகக் காரை நிறுத்தி, கறுப்பனோடு அதிலேயே படுத்துக்கொண்டார். அவருக்கு வயது அறுபத்தெட்டு. மறுநாள் காலையில் என்னைக் கண்டதும், கடிந்துகொள்ளாமல், சிரித்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார்: "பள்ளிக்கூடத்துல தருமர் கதையச் சொல்லிக் குடுத்தீங்களே மச்சான், அது பரீட்சைக்கு மட்டுந்தானா?"

அந்தக் கேள்விக்கு விடை தேடியே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில், விடுதி என்பது என்ன? வழிப்போக்கனுக்கு ஓரிரவு நிழல் கொடுப்பது அறம் என்று கருதிச் சத்திரமும் சாவடியும் கட்டியவர் நம் முன்னோர். சத்திரம் கட்ட இயலாதவனும் தன் வீட்டுக்குத் திண்ணை வைத்தான். திண்ணையில் படுத்த வழிப்போக்கனின் காலடியில் அவனோடு வந்த நாயும் படுத்துக்கொண்டது. அதை எவரும் கணக்குக் கேட்கவில்லை. பணம் வாங்கிக்கொண்டு அறை கொடுக்கும் தொழில் பின்னர் வந்தது. இந்நாட்டில் ஆங்கிலேயர் ஆட்சியின்போது மாவட்டந்தோறும் அரசினர் 'ரெஸ்ட் ஹவுஸ்' எழுப்பினர். சுற்றுப்பயணம் செய்த அதிகாரிகளும் தோட்டத்துத் துரைமாரும் அங்கே தங்கினர். நாய் வளர்ப்பது துரைமாரின் வாழ்க்கையோடு ஒட்டியிருந்த பழக்கம். 1884-இல் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட சிலாங்கூர் கிளப்புக்கு 'புள்ளி நாய்' என்னும் பொருள்படும் பட்டப்பெயரே வழங்கலாயிற்று. உறுப்பினர் ஒருவரின் மனைவி வளர்த்த புள்ளி நாய்கள் வாயிலில் காத்துக் கிடந்ததால் அப்பெயர் வந்தது என்பது ஒரு வழக்கு. துரையம்மாளின் நாய் காத்துக் கிடந்த அந்த வாயிலுக்குள், பால்மரம் வெட்டிய தமிழன் விருந்தினனாக நுழைந்திருக்க முடியுமா? அன்று நாய் வாயிலில் இருந்தது. நாம் தெருவில் இருந்தோம். இன்று நாம் வாயிலுக்கு உள்ளே அமர்ந்து கல்லாப்பெட்டியைத் திறந்து மூடுகிறோம். நாயும் நாயை உடைய ஏழையும் தெருவில் நிற்கின்றனர். உள்ளே வந்தவன் வெளியே நின்ற நாளை மறந்துவிடுவது உலக இயல்பு போலும்!

காரில் பயணம் செய்வோர்க்கென்றே 'மோட்டல்' என்னும் விடுதி 1925-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் சான் லூயி ஒபிஸ்போ என்னும் ஊரில் தோன்றியது. மோட்டார், ஹோட்டல் என்னும் இரு சொற்களை ஒட்டிச் செய்த பெயர் அது. கார் நிற்கும் இடத்திலிருந்து நேரே அறைக்குள் நுழையும் அமைப்பு அதற்கு உரியது. பொதுக்கூடத்தைக் கடக்க வேண்டுவதில்லை. மாடிப்படி ஏற வேண்டுவதில்லை. நாயோடு வருவோர்க்கு இதனினும் வசதியான அமைப்பு வேறில்லை. இன்று அந்நாட்டில் நாயை ஏற்கும் மோட்டல்கள் ஏராளம். சில கூடுதல் கட்டணம் பெறுகின்றன, சில பெறுவதில்லை. ஜான் ஸ்டைன்பெக் என்னும் புகழ்பெற்ற நாவலாசிரியர் 1960-இல் சார்லி என்னும் நாயோடு அந்நாடு முழுவதும் சுற்றி வந்தார். அப்பயணத்தைப் பற்றி 1962-இல் ஒரு நூலே எழுதினார். நாயோடு பயணம் செய்வது அங்கே இலக்கியம், இங்கே தொல்லை. மேனாட்டாரிடமிருந்து குளிர்சாதனத்தையும் விலைப்பட்டியலையும் கற்றுக்கொண்ட நம் விடுதிக்காரர், இதை மட்டும் ஏன் கற்கவில்லை?

மேனாட்டார் கற்பிக்கத்தான் வேண்டுமா? நம் மரபைத் திரும்பிப் பார்ப்போம். சங்கப் பாடல்களில் ஞமலி என்றும் ஞாளி என்றும் நாய் வருகிறது. வேடராகிய கண்ணப்பர் வேட்டைக்குப் புறப்படும்போது நாய்கள் உடன் செல்வதைப் பெரியபுராணம் காட்டுகிறது. நாலடியார், யானையைப் போன்றவரின் நட்பைவிட நாயைப் போன்றவரின் நட்பே சிறந்தது என்கிறது. பலகாலம் பழகிய பாகனையும் யானை கொன்றுவிடும். நாயோ, தன்மேல் எறிந்த வேல் உடலில் தைத்திருக்கும்போதும் எறிந்தவனைக் கண்டு வாலைக் குழைக்கும் என்பது அதன் கருத்து. செங்கம் பகுதியில் எடுத்தனூர் என்னும் ஊரில் ஒரு நடுகல் உண்டு. மகேந்திர பல்லவன் காலமாகிய 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் அக்கல்வெட்டு அறிவிக்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் தமிழன் ஒரு நாயின் பெயரைக் கல்லில் எழுதினான். நாம் நாய்க்கு எழுதுவது என்ன? 'அனுமதி இல்லை' என்னும் பலகை ஒன்றே.

நம் மொழியில் நாய் வசைச்சொல்லாகவும் வழங்குகிறதே என்று சிலர் கேட்கலாம். உண்மையே. மாணிக்கவாசகர் தம்மை நாயினும் கடையவராகச் சொல்லிக்கொள்கிறார். ஆனால், அவர் அவ்வாறு தாழ்த்திக்கொள்வது, அத்தகைய தமக்கும் இறைவன் அருள் செய்தான் என்று வியப்பதற்காகவே. கடைப்பட்டதையும் தள்ளாத அருளே அங்குப் பாடுபொருள். கடைப்பட்டதைத் தள்ளுவதற்கு அந்நூலை எவரும் சான்று காட்ட முடியாது.

இலக்கியம் இருக்கட்டும், தோட்ட வாழ்க்கைக்கு வருவோம். நம்முள் பலருடைய பெற்றோர் லயத்தில் வாழ்ந்தவர்கள். விடியுமுன் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இருளில் தம் நிரைக்கு நடந்த பெண்களுக்கு முன்னே ஓடியது எது? புதரில் பாம்பு இருந்தால் முதலில் குரைத்தது எது? பன்றி வந்து கிழங்குக் கொல்லையைப் பாழாக்காமல் காத்தது எது? பெற்றோர் இருவரும் வேலைக்குப் போனபின், லயத்து வாயிலில் விளையாடிய குழந்தைகளுக்குக் காவல் இருந்தது எது? சம்பளப் புத்தகத்தில் அதன் பெயர் ஏறவில்லை; ஆயினும் அதுவும் தோட்டத் தொழிலாளிதான்.

தோட்டங்கள் மறைந்த கதை கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் எவர்க்கும் தெரியும். சீபீல்டு தோட்டம் 1976 முதல் சுபாங் ஜெயா நகரமாக மாறியது. பிராங் பெசார் தோட்டம் இருந்த இடத்தில் 1995 முதல் புத்ராஜெயா எழுந்தது. அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்கள் டெங்கிலில் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. மண்ணை மிதித்து வாழ்ந்தவர்கள் மாடி ஏறினார்கள். அடுக்குமாடியில் ஆடு இல்லை, மாடு இல்லை, நாயும் இல்லை. பல ஊராட்சி மன்றங்கள் மாடி வீட்டு நாய்க்கு உரிமம் தருவதில்லை. 2015-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாக ஒழுங்குமுறைகளும், பிற குடியிருப்பாளர்க்குத் தொல்லையோ தீங்கோ விளைக்கக்கூடிய விலங்கையும், சட்டத்துக்கு மாறான விலங்கையும் வளர்க்கலாகாது என்கின்றன. நெருக்கமாக வாழும் இடத்தில் இத்தகைய விதி வேண்டியதே. அதை நான் பழிக்கவில்லை. ஆனால் அந்த விதி வந்த நாளில் காலி லயங்களில் விடப்பட்ட நாய்களை நினைத்துப் பாருங்கள். லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு போனவர்களை அவை எவ்வளவு தூரம் துரத்தி ஓடியிருக்கும்! வீட்டை இழந்தவன் நாயை இழந்தது அவன் குற்றமன்று. வீட்டையும் கைப்பொருளையும் பெற்ற நாம், ஓரிரவுக்குக்கூட அந்த நாயை ஏற்க மறுப்பது நம் குற்றம்.

மறுப்புரைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

"இஃது இசுலாமியர் பெரும்பான்மையாக வாழும் நாடு, நாயைச் சேர்த்தால் அவர்கள் மனம் புண்படும்" என்பது முதல் மறுப்பு. ஷாஃபி நெறியைப் பின்பற்றும் இந்நாட்டு இசுலாமியர், நாயின் ஈரம் உடலிலோ பொருளிலோ பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும் என்னும் விதியை உடையவர்கள். அந்த விதியை மதிப்பது நம் கடமை. இசுலாமியப் பணியாளர் ஒருவரை, நாய் தங்கிய அறையைத் துடைக்கச் சொல்வது முறையன்று. ஆனால், தூய்மை விதி வேறு, கருணை வேறு என்பதை அவர்களுடைய நூல்களே காட்டுகின்றன. குகையில் உறங்கிய நல்லடியார் கதையில், அவர்களுடைய நாய் குகை வாயிலில் முன்கால்களை நீட்டிப் படுத்திருந்தது எனத் திருக்குர்ஆன் கூறுகிறது. தாகத்தால் தவித்த நாய்க்குக் கிணற்றிலிருந்து நீர் மொண்டு கொடுத்தவரை இறைவன் மன்னித்தான் என்பது நபிமொழி. நம் நூலில் விண்ணுலக வாயிலில் ஒரு நாய். அவர்கள் நூலில் குகை வாயிலில் ஒரு நாய். இரண்டும் துணைவரைப் பிரியாத நாய்களே.

இன்னொன்றும் கேட்கிறேன். மாப்பிள்ளையைத் திருப்பியனுப்பிய ஏழு விடுதிகளில் அவரை மறித்தவர் எவரும் இசுலாமியர் அல்லர். எழுவரும் நம்மவர். "பக்கத்து அறையில் இசுலாமியர் தங்கியிருக்கிறார், அவருக்குத் தொந்தரவாகும்" என்று ஒருவர் சொல்லியிருந்தாலும் நான் தலைவணங்கியிருப்பேன். அப்படி எவரும் சொல்லவில்லை. தமக்குச் சோம்பல் வரும்போதெல்லாம் அடுத்தவருடைய சமயத்தைத் திரையாக இழுத்துக்கொள்வது, அந்தச் சமயத்துக்கும் மரியாதையன்று, நமக்கும் பெருமையன்று.

"தூய்மை கெடும், மயிர் உதிரும், நாற்றம் எழும்" என்பது இரண்டாம் மறுப்பு. கெடக்கூடும்தான். குடித்துவிட்டு வாந்தியெடுக்கும் மனிதன் தங்கிய அறையும் கெடுகிறது. அவனுக்கு எந்த விடுதி பலகை மாட்டியிருக்கிறது? கெடுத்தவனிடம் தண்டம் வாங்கி, அறையைக் கழுவி, அடுத்தவனுக்குக் கொடுக்கிறோம். அதே முறை நாய்க்கும் பொருந்தாதா? இந்நாட்டிலேயே மலைப்பகுதிகளிலும் கடற்கரைகளிலும் சில விடுதிகள், முன்பணம் பெற்றுக்கொண்டு, நாயோடு வருவோரை ஏற்கின்றன. ஆகவே, இஃது இயலாத செயல் அன்று. நாம் செய்யாத செயல்.

"கடிக்கும், வெறிநோய் வரும்" என்பது மூன்றாம் மறுப்பு. இதை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். 2013-இல் வெறிநோய் அற்ற நாடு என்று பெயரெடுத்த மலேசியாவில், 2015-இல் வடமாநிலங்களில் அந்நோய் மீண்டும் தலைகாட்டியது. 2017 முதல் சரவாக்கில் பரவிப் பல உயிர்களைக் கொண்டது. அச்சம் நியாயமானதே. ஆனால் அந்த அச்சத்துக்கு மருந்து தடுப்பூசி, பலகை அன்று. தடுப்பூசி போட்டு, உரிமம் எடுத்து, கழுத்தில் வார் பூட்டி, உடையவன் கையில் பிடித்துவரும் நாயால் வரும் தீங்கு மிகக் குறைவு. விடுதிகளெல்லாம் கதவடைக்கும்போது, பயணம் போக வேண்டியவன் நாயை என்ன செய்கிறான்? வழியில் அவிழ்த்து விட்டுவிடுகிறான். தெருவில் திரியும் நாயே நோய்க்கு வழி. கதவடைத்து நோயைத் தடுக்கிறோம் என்பவர், கதவடைத்தே நோய்க்கு வழி செய்கிறார்.

நான்காம் மறுப்புத்தான் நம்மவர் வாயில் மிகுதியாக வருவது: "மனிதனுக்கே இடமில்லை, நாய்க்கு இடம் கேட்க வந்துவிட்டாயா?" இது கேட்பதற்கு நியாயம்போல் ஒலிக்கும். நம் முன்னோர் கப்பலில் வந்து இறங்கியபோது, பினாங்கின் ஜெரெஜாக் தீவிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் நோய் ஒதுக்க முகாம்களில் அடைக்கப்பட்ட பிறகே நாட்டுக்குள் விடப்பட்டனர். வாயிலில் நிறுத்தப்பட்ட இனத்தின் பிள்ளைகள் நாம். மனிதனுக்கு இடம் கேட்டு நாம் நடத்த வேண்டிய போராட்டங்கள் இன்னும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால், என் மாப்பிள்ளையைத் திருப்பியனுப்பிய விடுதியில் அன்றிரவு அறை காலியாக இருந்தது. நாயைத் தடுத்ததனால் எந்த மனிதனுக்கு அங்கே இடம் கிடைத்தது? அறுபத்தெட்டு வயது மனிதர் ஒருவருக்கு இடம் இல்லாமற் போனதுதான் கண்ட பயன். நாய்க்கு அடைத்த கதவு நாயோடு நிற்கவில்லை; அதன் கயிற்றைப் பிடித்திருந்த கைக்கும் சேர்த்தே அடைபட்டது.

இதை இன்னும் தெளிவாகக் காண விரும்புவோர் பிரிக்பீல்ட்ஸுக்கே மறுபடியும் வரவேண்டும். 1951-இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இயங்குகிறது. வெண்கோல் தட்டிக்கொண்டு பார்வையற்றோர் நடந்துசெல்லும் தெருக்கள் அவை. அவர்களுள் தமிழரும் உண்டு. மேனாடுகளில் பார்வையற்றோர்க்கு நாய் கண்ணாக இருந்து வழிகாட்டுகிறது. அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டின் சட்டப்படி, வழிகாட்டி நாயோடு வரும் பார்வையற்றவரை எந்த விடுதியும் திருப்பியனுப்ப இயலாது. நம் நாட்டிலோ 2014-இல் ஸ்டீவன்ஸ் சான் என்னும் பார்வையற்றவர், லஷான் என்னும் வழிகாட்டி நாயோடு தலைநகரில் நடமாட முயன்றார். வணிக வளாகங்களிலும் பொதுப் போக்குவரத்திலும் அவர் பட்ட மறுப்புகள் நாளிதழ்களில் செய்தியாயின. மாற்றுத்திறனாளிகளுக்குப் பொது இடங்களிலும் போக்குவரத்திலும் சம உரிமை உண்டு என்று 2008-ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது. ஆனால் அதை மீறுவோர்க்கு அச்சட்டத்தில் தண்டனை இல்லை. தண்டனை இல்லாத சட்டத்தைக் காப்பாற்ற வேண்டியது மக்களின் மனச்சான்று. பார்வையற்ற தமிழ் இளைஞர் ஒருவர் நாளை வழிகாட்டி நாயோடு வந்தால், பைரவர் படத்தின்கீழ் இருப்பவர் என்ன சொல்வார்? "உங்களுக்கு இடம் உண்டு, உங்கள் கண்களுக்கு இல்லை" என்பாரா?

விடுதிக்காரரை மட்டும் சாடிவிட்டு நான் ஒதுங்கிக்கொண்டால் அது நேர்மையாகாது. நாய் வளர்ப்போர் மீதும் பெருங்குற்றம் உண்டு. குட்டியாக இருக்கும்போது கொஞ்சுவது, வளர்ந்தபின் சங்கிலியில் மறப்பது, தீபாவளிக்கு ஊர் போகும்போது எண்ணெய்ப்பனைத் தோட்டத்து ஓரத்தில் இறக்கிவிட்டு வருவது — இவை நம்மவரிடையே நடவாதவை என்று எவரும் சொல்ல முடியாது. 2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் 2017 சூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. விலங்கைக் கொடுமை செய்வோர்க்கு 20,000 ரிங்கிட்டுக்குக் குறையாமல் 100,000 ரிங்கிட்வரை தண்டமோ, 3 ஆண்டுவரை சிறையோ, இரண்டுமோ விதிக்க அது இடம் தருகிறது. சட்டத்துக்கு அஞ்சிச் செய்ய வேண்டிய கடமையா இது? அவிழ்த்துவிடப்பட்ட நாய் அந்தச் சாலையோரத்தில், வருகிற ஒவ்வொரு காரையும் தன் வீட்டுக் கார் என்று எண்ணி எழுந்து நிற்கும். நாலடியார் சொன்ன வேல் அதன் உடலில் தைத்தே இருக்கிறது; எறிந்தவன் திரும்பி வந்தால் அது அப்போதும் வாலைக் குழைக்கும்.

அறையில் நாயைத் தனியே விட்டுவிட்டுக் கடைத்தெரு சுற்றப் போகிறவர், கழிவை எடுக்காமல் நடப்பவர், "என் நாய் ஒன்றும் செய்யாது" என்று சொல்லிக் கயிற்றை நெகிழ விடுபவர் ஆகியோர்தாம் நல்லவர்க்கும் கதவை அடைக்கச் செய்கின்றனர். உரிமை கேட்பவன் ஒழுக்கத்தோடு கேட்க வேண்டும்.

ஆகவே, நான் கேட்பது பெரிதன்று. நம்மவர் நடத்தும் விடுதி ஒவ்வொன்றிலும் கீழ்த்தளத்தில் ஓர் அறையை, முடிந்தால் பின்வழியோடு, நாயோடு வருவோர்க்கென ஒதுக்குங்கள். அங்கே துணி விரிப்பு வேண்டா. கழுவத்தக்க தரை போதும். தடுப்பூசிச் சீட்டையும் உரிமத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். முன்பணம் பெறுங்கள், அறை கெட்டால் அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். உணவுக்கூடத்துக்குள் நாயை விடாதீர்கள். இசுலாமியப் பணியாளரை அந்த அறைக்கு அனுப்பாதீர்கள். பிற விருந்தினர்க்கு முன்னமே தெரிவியுங்கள். வழிகாட்டி நாயைப் பொறுத்தவரை அந்த ஓர் அறையென்னும் எல்லையும் வேண்டா. பார்வையற்றவர் செல்லும் இடமெல்லாம் அது செல்லட்டும். வாயிற்பலகையை எடுத்தெறிய வேண்டுமென்றுகூட நான் சொல்லவில்லை. 'நாயோடு வருவோர் முன்கூட்டியே தெரிவிக்கவும்' என்று அதை மாற்றி எழுதினால் போதும். மறுப்பை வேண்டுகோளாக்குவதற்கு ஒரு தூரிகையும் சிறிது வண்ணமுமே செலவு.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். தருமன் கதையை அடுத்த முறை நடத்தும்போது, மணி அடித்தவுடன் நூலை மூடிவிடாதீர்கள். "உங்கள் ஊர் விடுதிக்குத் தருமன் வந்தால் அறை கிடைக்குமா?" என்று மாணவரைக் கேளுங்கள். அதையே கட்டுரைத் தலைப்பாகக் கொடுங்கள். விடுதிக்காரரின் பிள்ளையும் அந்த வகுப்பில் இருக்கக்கூடும். அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய்த் தந்தையிடம் கேட்கும் கேள்வி, நான் எழுதும் நூறு கட்டுரைகளைவிட வலிமை உடையது.

மாணவச் செல்வங்களே, கதையில் நாயாக வந்தது அறக்கடவுள் என்று தெரிந்தபின் அதற்கு இடம் கொடுப்பது எளிது. தருமனுக்கு அது தெரியாது. வெறும் நாய் என்று எண்ணியே அவன் விண்ணுலகை மறுத்தான். அவனுடைய பெருமை முழுவதும் அந்த அறியாமையில்தான் இருக்கிறது. நம் வாயிலுக்கு வரும் நாய் வெறும் நாயாகவே இருக்கும். இறுதிவரை வேறொன்றாக மாறாது. அப்போதும் அதற்கு இடம் கொடுக்கிறோமா என்பதே நமக்கு வைக்கப்படும் தேர்வு.

கறுப்பனைக் காப்பாரில் மண்வீடு உடைய நண்பர் ஒருவர், முகம் சுளிக்காமல், பதினெட்டு நாள் தம் வீட்டில் வைத்துக்கொண்டார். தங்கை குணமடைந்து ஊர் திரும்பினாள். போகும் வழியில் எங்கும் தங்காமல், ஒரே மூச்சில் காரை ஓட்டிச் சென்றார் மாப்பிள்ளை. அந்த முதிய மனிதர் வழியில் தலைசாய்க்க ஒரு தமிழர் விடுதியும் இல்லையே என்னும் வெட்கம் இன்னும் என்னைவிட்டு நீங்கவில்லை. இதைப் படிப்போர்க்கும் அந்த வெட்கத்தில் ஒரு பங்கு சேருமானால், அவர் கேட்ட கேள்விக்கு நாம் விடை எழுதத் தொடங்கிவிட்டோம் என்று கொள்வேன்.